எப்.சி. வாங்கிய வண்டி… நிற்குமா?

ஒரு லாரி ஆண்டுக்கு இரண்டு நாள்தான் அலங்காரமாக நிற்கும். ஒன்று ஆயுத பூஜை, இன்னொன்று எப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்டும் நாள். பூஜைக்கு வாழைக்கன்றும் சந்தனமும் திருஷ்டிப் பூசணிக்காயும். எப்.சி.க்குப் புதுப் பெயிண்ட், பளிச்சென்று நம்பர் எழுத்து, பின்னால் சிவப்பும் முன்னால் வெள்ளையுமாக ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் ‘எப்.சி. வேலை’ என்றாலே தனிக் கணக்கு. வண்டி உள்ளே போனால் டிங்கர், பெயிண்டர், எலெக்ட்ரீஷியன், பட்டை வேலைக்காரர் என்று ஆள் மாற்றி ஆள் கை வைப்பார்கள். வண்டி ஓடாத அத்தனை நாளும் வாடகை போச்சு, டியூ மட்டும் நிற்காது.

இவ்வளவும் எதற்கு? ஒரு தாளுக்கு. அந்தத் தாள் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பது வண்டி வைத்திருப்பவர்களில் பலருக்கே தெளிவில்லை. பஸ்ஸில் ஏறுகிற, ஷேர் ஆட்டோவில் தொற்றுகிற, பிள்ளையை வேனில் அனுப்புகிற நமக்கோ சுத்தமாகத் தெரியாது.

தாளுக்குள் என்ன இருக்கிறது?

தகுதிச் சான்று என்பது 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருந்த சங்கதி. இப்போது நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 56-வது பிரிவு. வாடகைக்கோ தொழிலுக்கோ ஓடும் எல்லா வண்டிக்கும், அதாவது லாரி, பஸ், மினி லாரி, டாக்சி, ஆட்டோ, பள்ளி வாகனம் அனைத்துக்கும் இது வேண்டும். இல்லாவிட்டால் அந்த வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. சட்டத்தின் கண்ணில் எப்.சி. முடிந்த பஸ்ஸும் ஆர்.சி. இல்லாத பஸ்ஸும் ஒன்றுதான். அபராதமும் அப்படித்தான்: முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாயிலிருந்து 5,000 வரை, மறுபடி பிடிபட்டால் 10,000 வரை, ஓராண்டுவரை சிறைக்கும் இடமுண்டு.

எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை? புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு கவலையில்லை. முன்பெல்லாம் அதற்குப் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். 2018 நவம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை போதும், எட்டைத் தாண்டினால் ஆண்டுதோறும். நம் சாலைகளில் ஓடும் லாரிகளிலும் ஆட்டோக்களிலும் எட்டைத் தாண்டியவை நிறைய. அவற்றின் உரிமையாளர்களுக்கு எப்.சி. என்பது தீபாவளிபோல வருஷாவருஷம் வரும் செலவு.

பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. எப்.சி. கையில் இருந்தால் அந்த ஓராண்டுக்கு வண்டியை யாரும் கேள்வி கேட்க முடியாது என்பது. அப்படி இல்லை. வண்டி விதிப்படி இல்லை என்று தெரிந்தால், காரணத்தை எழுதிவைத்து நடுவிலேயே சான்றை ரத்து செய்ய அதே 56-வது பிரிவு அதிகாரம் தருகிறது. சோதித்த நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதற்கு மட்டுமே அந்தத் தாள் சாட்சி.

2012 ஜூலை

தாளுக்கும் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ்நாடு மிகக் கொடூரமாகக் கற்றுக்கொண்டது. 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த பகுதியில், பள்ளி விட்டு வீடு திரும்பிய இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். கொதித்த மக்கள் பேருந்தைக் கொளுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அப்போது தெரியவந்த ஒரு செய்திதான் எல்லோரையும் உலுக்கியது. அந்தப் பேருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எப்.சி. கொடுக்கப்பட்டிருந்தது.

ஓட்டை என்பது நுட்பமான பழுது அல்ல. அதைக் காண இயந்திரம் வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும்.

அதன் பிறகு வந்தவைதான் தமிழ்நாட்டின் பள்ளிப் பேருந்து சிறப்பு விதிகள். ஆண்டுதோறும் கோடை விடுமுறையில், பள்ளி திறப்பதற்கு முன், ஏதாவது ஒரு மைதானத்தில் மஞ்சள் பஸ்களை வரிசைகட்டி நிறுத்தியிருப்பார்கள். போக்குவரத்து, காவல், கல்வி, வருவாய் என்று பல துறை அதிகாரிகள் உள்ளே ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் நாளிதழில் மாவட்ட ஆட்சியர் படியில் நிற்கும் படம் வரும். அந்தப் படத்தைப் பார்த்து நாம் சிரிப்பது வழக்கம். ஆனால் அந்த ஆய்வில் தளம், படியின் உயரம், அவசரக் கதவு, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் பார்க்கிறார்கள். குறை இருந்தால் சரிசெய்து காட்டும்வரை அனுமதி இல்லை. 2022 மார்ச்சில் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதிச் சிறுவன் ஒருவன் இறந்த பிறகு, முன்னும் பின்னும் கேமராவும் பின்னால் சென்சாரும் கட்டாயமாயின. ஒவ்வொரு விதிக்கும் முன்னால் ஒரு குழந்தையின் மரணம் இருக்கிறது என்பதை அதிகாரிகளே மறுக்க மாட்டார்கள்.

கண்ணும் காலும்

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசுக் கடிதத்தில் உள்ள பெயர். ஊரில் அவர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. அந்தப் பெயரை வைத்தவர்கள் விவரமானவர்கள். வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எது என்பதைப் பதவிப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் காலையில் வண்டிகள் வரிசையில் நிற்கும். ஆய்வாளர் வருவார். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்ப்பார். விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், டயர். கொஞ்ச தூரம் ஓட்டி பிரேக் போடச் சொல்வார். ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டி எவ்வளவு ‘பிளே’ இருக்கிறது என்று பார்ப்பார். அனுபவசாலியான ஆய்வாளர் இன்ஜின் சத்தத்திலேயே பாதியைச் சொல்லிவிடுவார் என்று டிரைவர்கள் மரியாதையோடு பேசிக்கொள்வதுண்டு. அதே டிரைவர்கள், நல்ல டயரை ஒரு நாளுக்கு வாடகைக்கு மாட்டி எப்.சி. முடித்து, வாசலைத் தாண்டியதும் கழற்றிக் கொடுத்த கதைகளையும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சிக்கல் ஆய்வாளரின் நேர்மையில் மட்டும் இல்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். புரோக்கர் இல்லாமல் எப்.சி. காட்ட முடியாது என்று ஊரே நம்புகிறது என்றால், அதற்கு அலுவலகமும் ஒரு காரணம், நம் சோம்பேறித்தனமும் ஒரு காரணம். பெரிய சிக்கல் கண்ணின் எல்லை. அனுமதி, ஓட்டுநர் தேர்வு, பதிவு, விபத்து வண்டி ஆய்வு என்று பல வேலைகளுக்கு நடுவே ஒரே காலையில் பல வண்டிகளைப் பார்க்கும் மனிதர், எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும், இடது சக்கரத்தின் பிரேக் வலது சக்கரத்தைவிட முப்பது விழுக்காடு குறைவாகப் பிடிக்கிறது என்பதை எப்படிக் காண்பார்? பெயிண்ட் தெரியும். ஸ்டிக்கர் தெரியும். அதனால்தான் பட்டறையில் பணம் பெயிண்ட்டுக்கும் ஸ்டிக்கருக்கும் போகிறது. எதை அளக்கிறார்களோ அதற்குத்தானே மாணவனும் படிப்பான்.

உருளைமேல் ஏறும் லாரி

அந்த எல்லையைத் தாண்டத்தான் தானியங்கிச் சோதனை நிலையங்கள் வந்தன. ஏ.டி.எஸ். என்பார்கள். உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது, ஏனென்றால் இதில்தான் ‘பாதுகாப்பு’ என்ற சொல் எண்களாக மாறுகிறது.

வண்டி ஒரு நீண்ட கொட்டகைக்குள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். ஓரிடத்தில் தரையோடு தரையாக இரட்டை உருளைகள் பதித்திருக்கும். முன் அச்சின் இரு சக்கரங்களும் அவற்றின்மேல் நிற்க, உருளைகள் சக்கரத்தைச் சுழற்றும். டிரைவர் பிரேக்கை மிதிப்பார். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு உருளையை எதிர்க்கிறது என்று கணினி தனித்தனியாகக் குறித்துக்கொள்ளும். பிறகு பின் அச்சு. எல்லாச் சக்கரங்களின் விசையையும் கூட்டி வண்டியின் எடையால் வகுத்தால் கிடைப்பதுதான் பிரேக் திறன்.

இந்த விழுக்காடு வெறும் தாள் கணக்கு அல்ல. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியின் பிரேக் திறன் 50 விழுக்காடு என்றால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 28 மீட்டரில் நிற்கும். திறன் 30 விழுக்காடாகத் தேய்ந்துவிட்டால் அதே வண்டிக்கு 47 மீட்டர் வேண்டும். வித்தியாசம் 19 மீட்டர், ஏறக்குறைய ஒன்றரை பஸ் நீளம். டிரைவர் ஆபத்தைக் கண்டு காலை வைப்பதற்குள் ஓடிவிடும் பதினேழு மீட்டர் இதில் சேராது. தேய்மானம் மெதுவாக நடப்பதால் தினமும் ஓட்டுகிறவருக்கு அது தெரிவதில்லை. கால் தானாகவே கொஞ்சம் முன்னதாக, கொஞ்சம் அழுத்தமாக மிதிக்கப் பழகிவிடும். திடீரென்று மாடு குறுக்கே வரும் நாளில்தான் கணக்கு வெளியே தெரியும்.

இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசமும் அப்படித்தான். காய்ந்த சாலையில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துச் சமாளித்துவிடலாம். ஐப்பசி மழையில், காலி லாரி, அவசர பிரேக் என்றால் வண்டி வலுவான பக்கம் இழுத்துக்கொண்டு சுழன்றுவிடும்.

அடுத்தது பக்கவாட்டுச் சறுக்கல் சோதனை. ஒரு தட்டின்மேல் சக்கரம் மெதுவாக ஏறி இறங்கும். அலைன்மென்ட் சரியில்லை என்றால் சக்கரம் தட்டைப் பக்கவாட்டில் தள்ளும். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கு வரும். ஐந்து என்று காட்டினால், வண்டி ஒவ்வொரு கிலோமீட்டர் ஓடும்போதும் டயர் ஐந்து மீட்டர் குறுக்கே தேய்க்கப்படுகிறது என்று பொருள். டயர் சீக்கிரம் போய்விடுகிறது என்று கம்பெனியைத் திட்டுகிறவர்கள் இந்த எண்ணை ஒரு முறை பார்க்க வேண்டும். பள்ளத்துக்குமேல் நிறுத்தி, சக்கரத்தின் கீழுள்ள தட்டுகளை ஹைட்ராலிக் விசையில் ஆட்டும் இன்னொரு சோதனையும் உண்டு. கீழே நிற்பவர் டார்ச் அடித்துப் பார்த்தால் கிங்பின், பால் ஜாயின்ட், டை ராட், பட்டையின் புஷ் என்று எங்கே ஆட்டம் என்பது தெரிந்துவிடும். ஸ்டியரிங் கழன்று கவிழ்ந்தது என்று செய்தியில் படிக்கிறோமே, அதன் தொடக்கம் இந்த ஆட்டத்தில்தான்.

முகப்பு விளக்குக்குத் தனிக் கருவி. வெளிச்சம் போதுமா என்பதோடு, எங்கே விழுகிறது என்பதையும் அளக்கும். ஹாலஜன் பல்புக்காகச் செய்த கூண்டுக்குள் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. பல்பைச் சொருகிக்கொண்டு எதிரே வருகிறார்களே, அவர்கள் இதில் மாட்டுவார்கள். மாட்டட்டும். டீசல் புகையின் அடர்த்தி, பெட்ரோல் புகையின் கார்பன் மோனாக்சைடு, ஹாரன் சத்தம், வேகமானி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவையும் வரிசையாக வரும்.

அளவுகள் கருவியிலிருந்து நேரே கணினிக்குப் போக வேண்டும், நடுவில் கை படக் கூடாது என்பது இந்த ஏற்பாட்டின் உயிர். இதற்கான விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. அவற்றில் மிக நல்ல விதி ஒன்று உண்டு. சோதனை நிலையம் நடத்துபவர் சோதனை மட்டுமே செய்யலாம். பழுது பார்ப்பது, உதிரி பாகம் விற்பது, வண்டி விற்பது எதிலும் கை வைக்கக் கூடாது. ‘பிரேக் சரியில்லை, பக்கத்து ஷெட்டில் நாங்களே மாற்றித் தருகிறோம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

தள்ளிப்போன தேதிகள்

2019-இல் சட்டத்தைத் திருத்தியபோதே, அறிவிக்கும் நாளுக்குப் பிறகு தானியங்கி நிலையத்தில் சோதிக்காத வண்டிக்கு எப்.சி. கிடையாது என்று எழுதிவிட்டார்கள். கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 என்று நாளும் குறித்தார்கள். நிலையங்கள்தான் இல்லை. 2024 அக்டோபருக்குத் தள்ளினார்கள். அதுவும் தள்ளிப்போனது. சட்டம் எழுதுவது எளிது. அத்தனை கோடி வண்டிகளுக்குக் கொட்டகை கட்டி, கருவி பதித்து, ஆளைப் பழக்குவது வேறு வேலை.

இந்த நிலையங்களைத் தனியாரும் நடத்தலாம் என்பதில் லாரி, வேன், ஆட்டோ சங்கங்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆர்.டி.ஓ. மைதானம் பக்கத்தில் இருந்தது, இனி எழுபது எண்பது கிலோமீட்டர் போகச் சொல்வார்களா? ஒரு நாள் வாடகையும் டீசலும் யார் தருவார்கள்? தோற்கடித்துத் தோற்கடித்து மறுசோதனைக் கட்டணம் வாங்கினால் யாரிடம் முறையிடுவது? இவற்றை வளர்ச்சிக்கு எதிரான பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. வண்டி வராமலேயே சான்று கொடுத்ததாக வடமாநிலச் சில நிலையங்கள்மீது புகார் கிளம்பியதும் உண்டு. இயந்திரம் லஞ்சம் வாங்காது, சரி. இயந்திரத்தின் முன் எந்த வண்டியை நிறுத்துவது என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார்.

ஆனாலும் இந்தக் கட்டுரையாளனின் கட்சி இயந்திரத்தின் பக்கம்தான். ‘பிரேக் சுமார்’ என்று ஒரு மனிதர் சொன்னால் அதோடு வாதாடலாம், பேரம் பேசலாம். ‘இடது பின்சக்கரம் இவ்வளவு’ என்று அச்சிட்ட எண் கையில் இருந்தால் நேராக மெக்கானிக்கிடம் போகலாம். தோற்ற வண்டிக்கு மறுசோதனையும் மேல்முறையீடும் உண்டு. கடைசிவரை தேறாத வண்டிதான் ஆயுள் முடிந்ததாக அறிவிக்கப்பட்டுக் காயலான் கடைக்குப் போகும்.

எங்கே காட்டுவது, எப்போது காட்டுவது?

எப்.சி. எந்தத் தேதிவரை இருக்கிறது என்பதை எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே பார்த்துவிடலாம். உரிமையாளர்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பிள்ளை போகும் வேனின் எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். பார்த்த கையோடு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று தேதிகளையும் பாருங்கள்.

விண்ணப்பமும் கட்டணமும் நாள் ஒதுக்கீடும் மத்திய அரசின் பரிவாகன் இணையதளம் வழியாகத்தான். உங்கள் பகுதிக்குத் தானியங்கி நிலையம் வந்திருந்தால் அதன் பெயர் அங்கேயே தெரியும். வரவில்லை என்றால் வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அல்லது பகுதி அலுவலகத்தின் மைதானம். ‘நாங்கள் எப்.சி. சென்டர்’ என்று போர்டு மாட்டியிருக்கும் பட்டறை எதுவும் சோதனை நிலையம் அல்ல. அது சோதனைக்கு வண்டியைத் தயார் செய்யும் இடம், அவ்வளவுதான். வேறு மாவட்டத்தில் நிரந்தரமாக ஓடும் வண்டியை அங்கேயே காட்ட நினைத்தால் முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கடைசி நாளில் கேட்டால் காரியம் ஆகாது.

காலமும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி வாகன ஆய்வுகளால் ஆய்வாளர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. எப்.சி. ஜூனில் முடிகிறது என்றால் முன்பே நாள் வாங்கிவிட வேண்டும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பெர்மிட், சாலை வரி, பழைய வண்டி என்றால் பசுமை வரி, புகைச் சான்று, வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் ரிஃப்ளெக்டர் பட்டைக்கும் உரிய சான்றுகள் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். நிலுவையில் உள்ள இ-சலான்களையும் பார்த்துவிடுங்கள். எங்கோ கோயம்பேட்டில் சிக்னல் தாண்டிய அபராதம், ஈரோட்டில் எப்.சி. அன்று வந்து நிற்கும்.

பட்டறைக்குப் போகும்போது ஒரு வேண்டுகோள். பெயிண்டருக்குக் கொடுக்கும் முன் மெக்கானிக்குக்குக் கொடுங்கள். பிரேக் லைனிங், ஏர் லீக், டயர், ஸ்டியரிங் இணைப்புகள், எரியாத பல்பு. டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அதைக் காட்டவே பள்ளத்துக்குள் சிறு மேடு வைத்திருக்கிறார்கள். ரப்பர் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் கதை முடிந்தது.

ஐம்பது ரூபாய் வழக்கு

எப்.சி. தேதி தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் என்று 2016 இறுதியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. விபத்தில் சிக்கி மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்த ஆட்டோவுக்கும் அதே கணக்கு. சென்னை ஆட்டோ ஓட்டுநர் சங்கம் நீதிமன்றம் போனது. சட்டம் தராத அதிகாரத்தை விதி எடுத்துக்கொள்ள முடியாது என்று 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டணத்தை ரத்து செய்தது. ஆட்டோக்காரர்கள் வாங்கிய தீர்ப்பு அது. 2021 அக்டோபரில் வந்த புதிய அறிவிக்கை அதே ஐம்பதைத் திரும்பக் கொண்டுவந்தது.

அந்த அறிவிக்கையின் பெரிய அடி வேறிடத்தில் விழுந்தது. 15 வயதைத் தாண்டிய லாரி, பஸ்ஸுக்கு எப்.சி. கட்டணம் 1,500 ரூபாயிலிருந்து 12,500 ஆனது. 2025 நவம்பரில் மறுபடி உயர்த்தி, 20 வயதைத் தாண்டிய கனரக வண்டிக்கு 25,000 என்று வைத்தார்கள். பழைய வண்டியை ஒழிக்க வேண்டும் என்பது கொள்கை. சோதனை ஒன்றுதான், உருளையும் ஒன்றுதான். கட்டணம் மட்டும் வயதுக்கு வயது மாறுகிறது. பழைய லாரி ஓட்டுகிறவர் பெரும்பாலும் ஒற்றை வண்டி முதலாளி, அவரே டிரைவர். பிரேக் வேலைக்கு வைத்திருந்த பணத்தைக் கட்டணமாகக் கட்டிவிட்டு அவர் எந்தப் பிரேக்கோடு சாலைக்கு வருவார் என்று கட்டணம் நிர்ணயித்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

கட்டணத்துக்குப் பயந்து எப்.சி.யை விடுபவர் இன்னொரு குழியில் விழுகிறார். எப்.சி. இல்லாத வண்டி மோதினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. எப்.சி. இல்லாதது அடிப்படை விதிமீறலே என்று கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2018-இல் சொன்னது. இப்படிப்பட்ட வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கக் கம்பெனிக்கு உரிமை கொடுப்பதுண்டு. லட்சக்கணக்கான இழப்பீடு ஒற்றை வண்டிக்காரர் தலையில் விடியும்.

கேள்வி கேட்கப்படாத வண்டிகள்

இதுவரை பேசியதெல்லாம் மஞ்சள் போர்டு வண்டிகள். வெள்ளை போர்டுக்கு வருவோம். உங்கள் காருக்கும் என் ஸ்கூட்டருக்கும் பதிவு 15 ஆண்டு. அந்தப் பதினைந்து ஆண்டில் அரசு தரப்பில் யாரும் ஒரு முறைகூட பிரேக்கைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். புகைச் சான்று உண்டு. பிரேக் சான்று இல்லை. பதினைந்து முடிந்ததும் ஒரு சோதனை, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்தல். தமிழ்நாட்டுச் சாலைகளில் எண்ணிக்கையில் முதலிடம் இருசக்கர வாகனங்களுக்குத்தான். அவைதான் சோதனைக்கே வராதவை.

பிரிட்டனில் 1960-இல் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது தனியார் வண்டிகளுக்கும் சோதனையைத் தொடங்கினார்கள். முதலில் பத்து வயதான கார்களுக்கு மட்டும், பிரேக், விளக்கு, ஸ்டியரிங் மட்டும். தோற்ற கார்களின் எண்ணிக்கையைப் பார்த்து அரண்டுபோய், மறு ஆண்டே வயதை ஏழாகக் குறைத்தார்கள். 1967-இல் மூன்றாக்கினார்கள். இன்றுவரை அதுதான்: மூன்று வயதான கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். எம்.ஓ.டி. என்கிறார்கள். லண்டனில் கார் வைத்திருக்கும் நம் உறவினர்கள் ஒவ்வொருவருக்கும் அந்தத் தேதி மனப்பாடம். அங்கே பழுது பார்க்கும் கராஜ்களே சோதனையும் செய்யலாம், நம் விதிக்கு நேர் எதிர். அதனால் விவரமானவர்கள் உள்ளாட்சி மன்றம் தன் வண்டிகளுக்காக நடத்தும் சோதனை நிலையத்தைத் தேடிப் போவார்கள். அங்கே வெளியார் வண்டியைப் பழுது பார்ப்பதில்லை, ஆகவே இல்லாத பழுதைக் கண்டுபிடிக்கும் ஆசையும் இல்லை. காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54 பவுண்டு 85 பென்ஸ், 2010-இலிருந்து உயர்த்தவே இல்லை. ஆண்டுதோறும் என்பதைத் தளர்த்தலாமா என்று 2023-இல் அரசே கருத்துக் கேட்டுப் பார்த்தது, பிறகு கைவிட்டது. சிங்கப்பூரிலும் மூன்று வயதில் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும்.

பிரிட்டனில் எனக்குப் பொறாமை தருவது இன்னொன்று. எந்தக் காரின் எண்ணைப் போட்டாலும் அது எந்த ஆண்டு எதில் தோற்றது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது, ‘அடுத்த முறைக்குள் கவனிக்கவும்’ என்று எதைக் குறித்தார்கள் என்பதெல்லாம் இலவசமாக யாரும் பார்க்கலாம். நம் செயலியில் எப்.சி. எதுவரை என்று தெரிகிறது. போன முறை அந்தப் பஸ் எதில் தேறவில்லை என்பது தெரிவதில்லை. ஏ.டி.எஸ். எண்கள் ஏற்கெனவே கணினிக்குள்தான் போகின்றன. பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றும் அம்மாவுக்கு அதைத் திறந்து காட்டத் தனிச் செலவு எதுவும் ஆகாது.

தனியார் கார்களையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று சொன்னால் இங்கே சண்டைக்கு வருவார்கள், நியாயமும் உண்டு. நிலையங்கள் இல்லாமல் விதியை மட்டும் போட்டால் புரோக்கர்களுக்குத்தான் கொண்டாட்டம். ஆனால் ஐந்தாம் ஆண்டில் ஒன்று, பத்தாம் ஆண்டில் ஒன்று, பிரேக்கும் விளக்கும் ஸ்டியரிங்கும் மட்டும் என்று சிறிதாகத் தொடங்கலாம். பிரிட்டன் தொடங்கியதும் அப்படித்தான். 20 வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க இப்போது 10,000 ரூபாய், பைக்குக்கு 2,000 வாங்குகிறார்கள். லாரிகளுக்காகக் கட்டப்படும் தானியங்கி நிலையங்களில் சிறிய வண்டிகளுக்கும் தடம் இருக்கிறது. அந்தத் தடத்தில் ஐந்து வயதுக் காரை ஒரு முறை ஓட்டிப் பார்க்க அந்தப் பத்தாயிரத்தில் ஒரு சிறு பங்கு போதும்.